அளவுக் கொப்பியும் ஆயிர மசலாவும்

போன வருடம் நோன்புக்கு முந்திய கிழமை, பண்டத்தரிப்பில் நான் படிப்பிக்கும் பாடசாலைக்கு ஒரு பெரியவர் பஸ் ஏறி வந்தார். வயது எழுபத்தாறு. கையில் துணிப் பை, பைக்குள் நாலு சி.ஆர். கொப்பிகள். யாழ்ப்பாணம் சோனகதெருவில் பிறந்தவர். நகரில் தையற்கடை வைத்திருந்தவர். 1990இல் எல்லோரோடும் வெளியேறி, புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். வாப்பாவின் கூட்டாளி என்பதால் மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

"எழுத்துப் பிழை பார்த்துத் தாங்க மகள். பேரும் ஒண்டு வச்சிருக்கிறன், அது சரியோ எண்டும் சொல்லுங்க" என்றார்.

முதற் கொப்பியின் மட்டையில் பெரிய எழுத்தில் 'கண்ணீரில் நனைந்த நாட்கள்' என்று எழுதியிருந்தது.

எழுத்துப் பிழை பார்ப்பது எனக்குத் தொழில். அதை இரண்டு கிழமையில் முடித்துவிட்டேன். பெயர்தான் மாதக் கணக்கில் இழுத்தது. கூடாத பெயர் என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியவில்லை, நல்ல பெயர் என்று ஒத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. அந்த நாலு கொப்பிக்குப் பெயர் தேடப் போன இடத்தில், நமது நூல்களின் பெயர்களைப் பற்றி யோசிக்க நேர்ந்தது. அந்த யோசனைதான் இக்கட்டுரை.

நன்னூலார் தந்த பட்டியல்

நூலுக்குப் பெயர் வைப்பது பற்றித் தமிழ் இலக்கணகாரர் எப்போதோ யோசித்துவிட்டார்கள். ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டியவை எட்டு என்று நன்னூல் கூறும். அவற்றுள் நூற்பெயரும் ஒன்று. பெயர் எதனால் வரும் என்பதற்கும் அது ஒரு பட்டியல் தருகிறது. முதல் நூலால் வரலாம், ஆக்கியவரால் வரலாம், அளவால் வரலாம், உள்ளே மிகுதியாக இருப்பதால் வரலாம், பொருளால், எழுதுவித்தவரால், தன்மையால் வரலாம். காரணம் எதுவும் இன்றி இடுகுறியாகவும் வரலாம். தொல்காப்பியம் ஆக்கியவரால் வந்தது. நாலடி நானூறு அளவால் வந்தது. அகப்பொருள் விளக்கம் பொருளால் வந்தது.

தமிழ் சிறப்புப் பட்டத்துக்குப் படித்த காலத்தில் இதைப் பரீட்சைக்காக மனனம் செய்தேன். இருபது வருடம் கழித்து மாமாவின் கொப்பிகளை மேசையில் வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. இடுகுறியை விட்டுவிட்டால், இந்தப் பட்டியலில் உள்ள எல்லாமே நூலுக்குள் இருப்பவை, அல்லது நூலை உண்டாக்கியவர்களிடம் இருப்பவை. வாசகரின் மனநிலை அதில் இல்லை. வாசகரை அழவைக்க வேண்டும், திகைக்கவைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் பெயர் வைக்கும் வழியை நன்னூலார் கணக்கில் எடுக்கவேயில்லை.

'கண்ணீரில் நனைந்த நாட்கள்' எந்த வகை? எழுதியவரைச் சொல்லவில்லை, அளவைச் சொல்லவில்லை. பொருளைச் சொல்கிறதா என்றால், எந்தக் கண்ணீர், எந்த நாட்கள்? சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்தவரும் இதே பெயரை வைக்கலாம். வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போய் வந்த சகோதரியும் வைக்கலாம். வாசிப்பவர் எப்படி உணர வேண்டும் என்பதை மட்டுந்தான் அந்தப் பெயர் சொல்கிறது. அதை நூல் அல்லவா செய்ய வேண்டும்?

சீறாவும் மசலாவும்

நமது முன்னோர் பெயர் வைத்த விதத்தைப் பார்ப்போம். முழுமையாக நமக்குக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களில் காலத்தால் முந்தியதாகக் கொள்ளப்படுவது 1572ஆம் ஆண்டு நூல். வண்ணப் பரிமளப் புலவர் பாடியது. அதற்கு இரண்டு பெயர்கள் உண்டு: அதிசய புராணம், ஆயிர மசலா. முதற்பெயர் வாசகரிடம் 'வியந்துகொள்' என்கிறது. இரண்டாவது பெயர் நூலுக்குள் இருப்பதைச் சொல்கிறது. அப்துல்லாஹ் இப்னு ஸலாம் நபிகளாரிடம் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளுமே நூல். மசலா என்றால் கேள்வி. நான்கரை நூற்றாண்டாக வாயில் நின்றது ஆயிர மசலாதான். அதிசய புராணம் என்ற பெயரை இலக்கிய வரலாறு படித்தவர்களிடம்தான் கேட்கலாம்.

வகுப்பில் இந்தப் பெயரைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். இறைச்சிக்குப் போடும் மசாலா என்று நினைத்துத்தான். நான் கோபிப்பதில்லை. சிரித்த பிள்ளை அந்தப் பெயரைப் பிறகு மறப்பதில்லை. நன்னூலாரின் அளவும் பொருளும் இரண்டே சொல்லில் சேர்ந்த பெயர் அது.

உமறுப் புலவரின் காப்பியம் 5,027 பாடல்கள் கொண்டது. அதன் பெயர் ஒரே தொகைச் சொல். ஸீரத் என்ற அறபுச் சொல்லுக்கு நடந்த வழி, வாழ்க்கை வரலாறு என்று பொருள். அது தமிழ் வல்லின றகரம் ஏற்றுச் சீறா ஆயிற்று. அதோடு புராணம் சேர்ந்தது. பெயர் இரண்டு பக்கமும் பேசுகிறது. நமது வீட்டாரிடம் 'இது நபிகளாரின் ஸீரத்' என்கிறது. அயல்வீட்டுத் தமிழரிடம் 'நீங்கள் புராணத்துக்கு எப்படி உட்கார்ந்து காது கொடுப்பீர்களோ அப்படி இதற்கும் உட்காருங்கள்' என்கிறது. நபிகளாரின் வரலாற்றைப் புராணம் எனலாமா என்று இன்று ஒருவர் கேட்கக்கூடும். கேட்பது நியாயம். ஆனால் புலவர் அந்தச் சொல்லைக் கதை என்ற இளப்பத்தில் எடுக்கவில்லை. அன்றைய தமிழில் பெரியதொரு வாழ்வைப் பாடுவதற்கு ஆயத்தமாக இருந்த பாத்திரம் அது. அதை எடுத்து, உள்ளே வைத்ததை முதற்சொல்லாக எழுதினார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சீதக்காதி வள்ளலும் பின்னர் அபுல் காசிம் மரைக்காயரும் ஆதரித்திராவிட்டால் அந்த நூல் இல்லை. எழுதுவித்தவரால் பெயர் வைக்க நன்னூலிலேயே அனுமதி இருக்கிறது. அபுல் காசிமைப் புலவர் பாடல்களுக்குள் பல இடங்களில் நன்றியோடு புகழவும் செய்கிறார். ஆனால் நூலின் பெயரில் வள்ளலுக்கு இடமில்லை. நன்றிக்கு உரிய இடம் வேறு, பெயருக்கு உரிய இடம் வேறு என்ற தெளிவு அவரிடம் இருந்தது. அனுசரணையாளரின் பெயரை முன்னட்டையில் ஆசிரியர் பெயருக்குச் சரியான பருமனில் போடும் இந்தக் காலத்தில் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

அந்தக் காப்பியத்தின் உட்பிரிவுகளான விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்றத்துக் காண்டம் என்பவையும் பெயர் வைக்கும் கலைக்குப் பாடம். பிறப்பு, நபித்துவம், ஹிஜ்றத் என்று மூன்று திருப்பங்கள். ஈற்றில் தகர ஒலி கொண்ட அறபுச் சொற்கள் உகரம் ஏற்றதும், குளத்து, மரத்து என்று காதுக்குப் பழகிய தமிழ் போல ஆகிவிடுகின்றன. மொழிபெயர்க்காமலே தமிழாக்கிய பெயர்கள்.

நமது பழைய நூல்களின் பெயர்கள் எல்லாமே இப்படி என்று பெருமையடிக்க நான் வரவில்லை. மிஃராஜ் மாலை, கனகாபிஷேக மாலை என்று தொடங்கிய மாலைகளுக்குக் கணக்கில்லை. மாலை என்ற சொல் அன்று வாசகருக்கு ஒரு குறி. இது கூடியிருந்து ஓதுவதற்கும் கேட்பதற்கும் உரியது என்று அது அறிவித்தது. பண்டத்தரிப்புக்குப் பக்கத்தூரான மாதகலைச் சேர்ந்த மயில்வாகனப் புலவர், ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாண வரலாற்றை உரைநடையில் எழுதியபோதும் 'யாழ்ப்பாண வைபவமாலை' என்றுதான் பெயர் வைத்தார். மாலை என்ற குறி அந்தளவுக்கு எங்கும் பரவியிருந்தது. ஆனால் மாலையால் அந்த நூல் நிற்கவில்லை. யாழ்ப்பாண வைபவம் என்ற முன்பாதியால் நிற்கிறது. வகைப்பெயர் வாசகரை வாசல் வரை கூட்டி வரும். உள்ளே இருத்துவது மற்றச் சொல்.

வாசகர் வெட்டி எடுக்கும் சொல்

அறபு உலகத்தார் நூலுக்கு நீண்ட, எதுகையோடு கூடிய பெயர்கள் வைப்பதில் பிரியமுள்ளவர்கள். ஆனால் வாசகர் அவற்றை அப்படியே சுமப்பதில்லை. இமாம் கஸ்ஸாலியின் 'இஹ்யா உலூமித்தீன்' மத்ரஸாவில் வெறும் இஹ்யா. உயிர்ப்பித்தல் என்ற அந்த முதற்சொல்லில்தான் நூலின் நோக்கமே இருக்கிறது. இப்னு கல்தூன் எழுதியது பெரும் வரலாறு. உலகம் நினைவில் வைத்திருப்பதோ அதன் முன்னுரையை. முன்னுரை என்று பொருள்படும் முகத்திமா என்ற சொல்லே நூற்பெயராகிவிட்டது. கஸ்ஸாலி தத்துவவாதிகளின் குழறுபடி என்ற பொருள்பட 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா' எழுத, இப்னு ருஷ்து அந்தக் குழறுபடியின் குழறுபடி என்று 'தஹாஃபுத்துத் தஹாஃபுத்' எழுதினார். மறுப்பு பெயரிலேயே தொடங்கிவிடுகிறது.

மனிதர் எழுதும் நூல்களை அல்லாஹ்வின் வேதத்தோடு ஒப்பிடுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் பெயர்கள் நினைவில் நிற்பதைப் பற்றிப் பேசும்போது, நாம் மிகச் சிறு வயதில் மனனம் செய்த பெயர்களை விட்டுவிட முடியாது. 286 ஆயத்துகள் கொண்ட சூராவின் பெயர் அல்பகரா, பசுமாடு. அந்தச் சம்பவம் வருவது சில ஆயத்துகளில் மாத்திரம். தேனீ, சிலந்தி, எறும்பு என்ற பெயர்களும் அப்படியே. சூராவின் முழுப் பொருளையும் சுருக்கிச் சொல்லும் பெயர்கள் அல்ல இவை. அந்தச் சூராவை வேறொன்றோடு மாறாமல் அடையாளம் காட்டுபவை. அல்இஹ்லாஸ் போல, உள்ளே வராத சொல் பொருள் நோக்கிப் பெயராக நிற்பதும் உண்டு. குர்ஆன் மத்ரஸாவில் ஏழு வயதுப் பிள்ளைக்கும் பெயர்கள் குழம்புவதில்லை என்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

'பொருத்தமான தலைப்பு இடுக'

அப்படியானால் நாம் ஏன் 'கண்ணீரில் நனைந்த நாட்கள்' என்று வைக்கிறோம்? குற்றத்தில் பாதி என்னைப் போன்ற தமிழ் ஆசிரியர்களுடையது.

பரீட்சைத் தாளில் ஒரு பந்தியைக் கொடுத்துப் 'பொருத்தமான தலைப்பு இடுக' என்று கேட்கிறோம். பந்தி மரங்களைப் பற்றியதென்றால் 'மரங்களின் பயன்கள்' என்று எழுதிய பிள்ளைக்குப் புள்ளி கொடுக்கிறோம். அது தப்பல்ல. பந்தி விளங்கியதா என்று பார்க்க அது போதும். ஆனால் பத்து வருடம் இதையே செய்த பிள்ளை, தலைப்பு என்றால் சாராம்சம் என்று நம்பிவிடுகிறது. பத்துப் பேர் வைத்தாலும் ஒரே தலைப்பு வந்தால்தான் அது பொருத்தமானது என்று நினைக்கிறது. நூலுக்கு வேண்டியதோ இதன் மறுபக்கம். வேறு எந்த நூலுக்கும் வைக்க முடியாததே நூலுக்குப் பொருத்தமான பெயர்.

தரம் 10 வகுப்பில் ஒருநாள் கேட்டேன்: "நீங்கள் வாசித்த, அல்லது வீட்டில் கண்ட கதைப்புத்தகங்களின் பெயர்களை ஞாபகத்திலிருந்து எழுதுங்கோ." அதிகம் பேர் எழுதிய பெயர்களில் ஒன்று செங்கை ஆழியானின் 'ஆச்சி பயணம் போகிறாள்'. நூலை வாசிக்காத பிள்ளைகளும் எழுதியிருந்தார்கள். ஏன் நினைவிருக்கிறது என்று கேட்டதற்கு ஒரு பெண்பிள்ளை சொன்னாள்: "டீச்சர், ஆச்சி எங்க போறா எண்டு யோசிச்சன்." அந்தப் பெயரில் ஒரு ஆள் இருக்கிறார், ஒரு வினை இருக்கிறது, பேச்சுத் தமிழின் நடை இருக்கிறது. 'வாழ்க்கைப் பயணம்' என்று ஒரு புத்தகம் இருந்தால் எங்கே என்று யாரும் கேட்கப்போவதில்லை.

ஆய்வு நூல்களில் இந்த நோய் வேறு வடிவில் வருகிறது. ஓர் ஆய்வு, ஒரு நோக்கு, சில குறிப்புகள், வரலாறும் வாழ்வியலும் என்ற வால்கள். பழைய மாலையின் இடத்தை இன்று இவை பிடித்திருக்கின்றன. ஆய்வு நூலுக்கு அலங்காரப் பெயர் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பேராசிரியர் ம.மு. உவைஸ், பீ.மு. அஜ்மல்கானோடு சேர்ந்து எழுதிய பெருந்தொகுதிகளின் பெயர் 'இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு'. ஒரு சொல்லும் மிகையில்லை. சொன்னது முழுவதும் உள்ளே இருக்கிறது. அந்தப் பெயருக்கு அந்த நூலுக்கே உரிமையுண்டு. நாற்பது பக்கத்தில் ஒரு ஊரின் ஒரு பள்ளிவாசலைப் பற்றி எழுதிவிட்டு 'இலங்கை முஸ்லிம்களின் பண்பாட்டு வரலாறு' என்று பெயர் வைப்பதுதான் பிழை. அந்தப் பள்ளியின் பெயரையே வைத்தால் என்ன குறைந்துவிடும்? பெயரும் ஓர் அமானிதம். உள்ளே இல்லாததைத் தருவதாகச் சொல்லக் கூடாது.

சால்வை, நாற்காலி, தெரு

நமது நவீன எழுத்தாளர்களில் பெயரின் வலிமை அறிந்தவர்கள் பலர் உண்டு. கிழக்கில் ஓட்டமாவடி எஸ்.எல்.எம். ஹனீபாவின் 'மக்கத்துச் சால்வை' எனக்கு மிகப் பிடித்த பெயர்களில் ஒன்று. மக்காவின் சால்வை என்று எழுதியிருந்தால் அது கடையில் வாங்கும் பொருள். மக்கத்து என்றதும் உம்மம்மாவின் வாய் கேட்கிறது. ஹஜ்ஜுக்குப் போய் வந்தவரின் பெட்டி மணக்கிறது. மக்கம் என்ற பழைய தமிழ் வழக்கு அத்துச் சாரியை பெற்று மக்கத்து ஆகிறது. சீறாவின் காண்டப் பெயர்களில் கேட்ட அதே ஓசை. எவரும் கையால் தொடக்கூடிய ஒரு துணி, பெயருக்குள் ஒரு சமூகத்தையே கொண்டுவந்துவிடுகிறது.

தோப்பில் முஹம்மது மீரானின் முதல் நாவல் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை', 1988இல் நூலாக வந்தது. பெரிய நாவல், ஆனால் பெயர் தன்னை ஒளித்துக்கொள்கிறது. ஒரு என்றும் கதை என்றும் அடக்கமாக நிற்கிறது. எந்தக் கடலோரக் கிராமத்துக்கும் அது பொருந்தும். சாகித்திய அகாதமி விருது பெற்ற 'சாய்வு நாற்காலி'யில் அவர் எங்கேயோ போய்விட்டார். உழைக்காமல், பழம்பெருமையில் சாய்ந்தபடி வீட்டைத் தின்று தீர்க்கும் ஒரு குடும்பத்தின் வீழ்ச்சி முழுவதும் அந்தத் தளபாடத்தில் இருக்கிறது. வாசிக்கத் தொடங்கும்போது அது வெறும் நாற்காலி. முடிக்கும்போது அப்படியல்ல. நூலோடு சேர்ந்து வளர்வது நல்ல பெயரின் இலட்சணம். 2008இல் வந்த 'அஞ்சுவண்ணம் தெரு'வும் அத்தகையது. அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் பெயர் 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலேயே இருக்கிறது. ஒரு தெருப்பெயரைச் சொன்ன மாத்திரத்தில் ஆயிரம் வருட வணிகம் பின்னால் வந்து நிற்கிறது.

துயரத்தைச் சொல்லும் பெயர் கூடாது என்பதல்ல என் வாதம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதைப் பற்றி எம்.ஏ. நுஃமான் எழுதிய கவிதையின் பெயர் 'புத்தரின் படுகொலை'. நூலகம் என்ற சொல் பெயரில் இல்லை, தீ இல்லை, கண்ணீரும் இல்லை. சேரக் கூடாத இரண்டு சொற்களைச் சேர்த்து, யார் எதைக் கொன்றார்கள் என்ற வழக்கையே பெயரில் தொடுத்துவிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெண்களின் கவிதைத் தொகுதி 'சொல்லாத சேதிகள்'. அதிலும் துயரம் இருக்கிறது, ஆனால் அழைப்பு இல்லை. சொல்லாமல் இருந்தது எது என்று நாமே போய்த் திறக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு மணித்தியாலம்

இத்தனையும் யோசித்துவிட்டு, மாமாவிடம் ஒரு பெயரோடு போனேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை ஒளிக்கவில்லை. 'இரண்டு மணித்தியாலம்'.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்கு ஊரை விட்டுப் போகக் கொடுக்கப்பட்ட அவகாசம் அது. அந்த மாதக் கடைசியில் வடக்கு முழுவதிலுமிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. என் அளவில், பெயருக்கு வேண்டிய எல்லாம் அதில் இருந்தன. குறிப்பான அளவு, தொடக்கூடிய பொருள், அழுகையில்லாத சொல். நன்னூலாரும் ஏற்பார், விற்பனைக்கும் நல்லது.

மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

"மகள், அந்த ரெண்டு மணித்தியாலம் அவங்கட கணக்கு. நான் எழுதினது எங்கட கணக்கு. நாப்பத்திரண்டு வருஷம் நான் அங்க இருந்திருக்கிறன். அதை ஏன் ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள போட்டு மூடுறீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து நாலு கொப்பியையும் மறுபடி புரட்டினேன். அவர் சொன்னது சரி. வெளியேற்றம் வருவது நாலாம் கொப்பியின் கடைசிப் பகுதியில், பதினைந்து பக்கம்கூட இல்லை. மற்றதெல்லாம் கடை, தெரு, பள்ளிவாசல், பெருநாள் காலத்தில் விடியும் வரை ஓடிய மெஷின், ஜனவரியில் குவியும் பள்ளிக்கூட வெள்ளை. 'கண்ணீரில் நனைந்த நாட்கள்' என்ற பெயரைக் குறை சொன்ன நானும் அதே பிழையைத்தான் கெட்டிக்காரத்தனமாகச் செய்திருக்கிறேன். அவருடைய பெயர் நூலை அழுகைக்குக் கொடுத்தது. என்னுடையது விரட்டியவர்களின் கடிகாரத்துக்குக் கொடுத்தது. நினைவில் நிற்கும் பெயர் என்பது மட்டும் போதாது. எதை நினைவில் நிறுத்துகிறது என்றும் கேட்க வேண்டும். வடபுல முஸ்லிம்களின் வாழ்வைப் பற்றி யார் எழுதினாலும் 1990இலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. நமக்கு அதற்கு முன் ஒரு வாழ்வே இருக்கவில்லை என்பது போல.

மூன்றாம் கொப்பியில் ஒரு அத்தியாயம் இருக்கிறது. கடையில் அவர் வைத்திருந்த அளவுக் கொப்பியைப் பற்றியது. வாடிக்கைக்காரர் ஒருவருக்கு ஒரு பக்கம், பென்சில் எழுத்து. கழுத்து, நெஞ்சு, தோள், கை, இடுப்பு. முழுப் பெயர் எழுதும் வழக்கமில்லை. பண்டத்தரிப்பு வாத்தியார், ஆஸ்பத்திரிக் கிளாக்கர், சுருட்டுக்கடைப் பெடியன் என்றுதான் இருக்கும். பெடியன்களின் பக்கத்தில் வருடத்துக்கு வருடம் அளவு கூடிக்கொண்டு போகும். தமிழர், முஸ்லிம் எல்லோரும் அந்தக் கொப்பியில் அடுத்தடுத்த பக்கத்தில். அன்று அதை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தார். புத்தளத்து முகாமில் நித்திரை வராத இரவுகளில், நினைவிலிருந்த அளவுகளை வேறொரு கொப்பியில் எழுதினாராம். நாற்பதுக்கும் மேற்பட்டவர்களின் அளவு வந்ததாம்.

அடுத்த முறை போனபோது 'அளவுக் கொப்பி' என்றேன். மாமா சிரித்தார். "அது சரி, அது என்ட சாமான்தான்" என்றார்.

நன்னூலார் சொன்ன அளவு வேறு, இது வேறு. ஆனாலும் ஒரு நூலின் பெயர் அதன் அளவுக்கு வெட்டித் தைத்ததாக இருக்க வேண்டும் என்பதை இதைவிட நன்றாக எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. கூடினால் தொங்கும், குறைந்தால் பிடிக்கும்.

சிக்கல் இல்லாமலும் இல்லை. யாழ்ப்பாணத்தில் புத்தகக்கடை வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் பெயரைச் சொன்னேன். "டீச்சர், தையல் பழகுற புத்தகம் எண்டு நினைச்சுத்தான் சனம் வாங்கும்" என்றார். நியாயமான பயம். அதனால் கீழே சிறிய எழுத்தில் 'யாழ்ப்பாணத்துத் தையற்காரர் ஒருவரின் நினைவுகள், 1948 - 1990' என்று ஒரு துணைத் தலைப்புப் போடுவதாக இருக்கிறோம். தலைப்பு நினைவில் நிற்கட்டும், துணைத் தலைப்பு விலாசம் சொல்லட்டும். நூலகப் பட்டியலிலும் இணைய நூலகங்களிலும் தேடுகிறவருக்கு இந்த விலாசம் கட்டாயம் வேண்டும். அறபுப் பெயர்களை ஆளுக்கொரு விதமாக எழுதும் நமக்கு இது இன்னும் முக்கியம். சித்திலெவ்வை 1885இல் எழுதிய நாவலே 'அசன்பேயுடைய கதை' என்றும் 'அசன்பே சரித்திரம்' என்றும், சகரத்தாலும் ஸகரத்தாலும் இன்றுவரை எழுதப்படுகிறது. தேடுகிறவர் எத்தனை எழுத்துக்கூட்டைத்தான் முயல்வார்? பெயரைத் தெரிந்தால் மாத்திரம் போதாது, ஒரு எழுத்துக்கூட்டை உறுதிசெய்து, அட்டையிலும் உள்ளேயும் முதுகிலும் அதையே போட வேண்டும்.

நமது ஊர்களில் இன்று பல பெரியவர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கொப்பியிலும் டயறியிலும் எழுதிவிட்டு, பிள்ளைகளிடமோ ஆசிரியர்களிடமோ கொடுத்து ஒரு பெயர் கேட்கிறார்கள். நம்மிடம் ஒரு வேண்டுகோள். வேர்கள், விழுதுகள், வலிகள் என்று உடனே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் முழுவதையும் வாசியுங்கள். அந்த ஆளின் கை தினமும் தொட்ட பொருள் எது, அவர் நடந்த ஒழுங்கை எது, அவர் வீட்டில் மட்டும் சொல்லப்பட்ட சொல் எது என்று பாருங்கள். பெயர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கண்டுபிடித்ததும் அவரிடமே திருப்பிக் கேளுங்கள். என்னைப் போல மாட்டிக்கொள்ளவும் கூடும். அதுவும் நல்லது.

நான் தினமும் பஸ்ஸில் இறங்கும் ஊரின் பெயரிலும் பண்டம், தரிப்பு என்ற இரண்டு சாதாரணச் சொற்கள்தான். பலகையில் அதைப் பார்க்கும்போதெல்லாம் இங்கே எந்தப் பண்டம் தரித்தது, யார் இறக்கினார்கள் என்று கேட்கத் தோன்றும். கேட்கவைக்கும் பெயர் ஊரையும் காப்பாற்றும், நூலையும் காப்பாற்றும்.

மாமா ஊர் திரும்பிய பிறகு மறுபடி ஒரு சின்னக் கடை போட்டார். அந்த நாளைய வாடிக்கைக்காரர் ஒருவர், தலை முழுக்க நரைத்தவர், சேட் தைக்க வந்தாராம். இவர் நாடாவை எடுக்காமலே பழைய அளவைச் சொன்னாராம். பிறகு இருவரும் சேர்ந்து அளந்து பார்த்திருக்கிறார்கள். இடுப்பு எங்கேயோ போய்விட்டது.

"தோள் மட்டும் மாறேல்ல மகள்" என்றார். அந்த வரியோடுதான் நூல் முடிகிறது. முதலில் இருந்த கடைசி வரி கண்ணீரைப் பற்றியது. அதை அவரே வெட்டிவிட்டார்.